பல்துறை ஆய்வை வளர்க்க எட்டுப் படிகள்

வாழ்த்துகள்! பல்கலைக்கழகத்தில் பல்துறை ஆய்வையும் மக்களுக்கான புலமையையும் வளர்க்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. அதுவும் பேராதனையில்! மருத்துவர், புவிச்சரிதவியலாளர், விவசாய விஞ்ஞானி, மிருக வைத்தியர், தமிழ்ப் பேராசிரியர் எல்லோரும் ஒரே வளாகத்தில். பொறியியல் பீடம் மட்டும் மகாவலிக்கு அக்கரையில். அதற்கும் பாலம் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருப்பவர்கள் தாமாகவே பேசிக்கொள்ளத் தொடங்கிவிடலாம். உடனே செயற்படுங்கள்.

1. குழு அமையுங்கள். பீடாதிபதிகள் எல்லோரையும் போடுங்கள். ஆய்வு செய்கிறவர் ஒருவரையும் உள்ளே விடாதீர்கள், அவசரப்படுத்துவார்கள். முதற்கூட்டத்தில் குழுவின் பெயரை மட்டும் விவாதியுங்கள். ரோல்ஸும் பற்றிஸும் தாராளமாக இருக்கட்டும்.

2. படிவம் அச்சிடுங்கள். 'துறை' என்பதற்கு ஒரேயொரு கட்டம், அதுவும் சின்னதாக. இரண்டு துறை எழுதி வந்தால் 'பூரணமற்றது' என்று திருப்பி அனுப்புங்கள்.

3. பிரச்சினையைப் பாகம் பிரியுங்கள். 1990களிலிருந்து வடமத்திய மாகாண விவசாயிகளை வாட்டும், காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் நல்ல உதாரணம். கிணற்று நீரின் கடினத்தன்மையா, புளோரைட்டா, வயலுக்கு அடிக்கும் மருந்தா, வெயிலில் உடம்பு வற்றுவதா? தனித்துறை எதுவும் தனியே விடை காணமுடியாத கேள்வி. ஆகவே வெட்டுங்கள். நீர் புவிச்சரிதவியலுக்கு, சிறுநீரகம் மருத்துவத்துக்கு, மருந்தடிப்பு விவசாயத்துக்கு. வெயிலை யாருக்கும் கொடுக்காதீர்கள். அதற்கு வரவுசெலவில் தலைப்பு இல்லை.

4. வானைக் காப்பாற்றுங்கள். மதவாச்சிக்கு நீர்மாதிரி எடுக்கப் போகும் ஒரு பீடத்தின் வானில் இன்னொரு பீடத்தார் ஏறக்கூடாது. மாதிரிப் போத்தலுக்கு மூன்று விலைமனு கேளுங்கள். மூன்றாவது வந்துசேர்வதற்குள் மாரிமழை பிடித்துவிடும், கிணறு நிரம்பிவிடும், கோடைகால அளவீடு அடுத்த வருடத்துக்குப் போய்விடும். உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. மழைதான்.

5. பதவியுயர்வைக் கவனியுங்கள். ஐந்துபேர் சேர்ந்து எழுதிய கட்டுரையின் புள்ளியை ஐந்தால் பிரியுங்கள். ஒருவர் தமிழிலோ சிங்களத்திலோ மக்களுக்கு விளங்க எழுதினால் பூச்சியம் கொடுங்கள். பூச்சியத்தை எத்தனை பேருக்கும் பிரிக்கலாம்.

6. பழைய கதைகளை மறைத்து வையுங்கள். 1956இல் எதிரிவீர சரச்சந்திர பேராதனை மாணவர்களைக் கொண்டு 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். 1960களில் சு. வித்தியானந்தன் கூத்துப் பழக்கும் மட்டக்களப்பு அண்ணாவிமாரை அழைத்தார். விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, மாணவர்களை ஆடவைத்து, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடைக்குக் கொண்டுவந்தார். இலக்கியமும் இசையும் ஆட்டமும் கிராமமும் கலந்துவிட்டன, சனமும் வந்து பார்த்தது. இனி யாராவது அப்படி ஒரு யோசனையோடு வந்தால், அண்ணாவியாரின் பட்டச் சான்றிதழைக் கேளுங்கள். மூலப்பிரதி வேண்டும் என்று சொல்லுங்கள்.

7. பொதுமக்களை அழையுங்கள். வேலைநாளில், காலை பத்தரைக்கு, ஆங்கிலத்தில். அந்த நேரம் ஹந்தானைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர்கள் மலையில் நிற்பார்கள். அவர்களைப் பற்றிய ஆய்வை அவர்களுடைய குறுக்கீடு இல்லாமல் வாசித்து முடிக்கலாம். வரவேற்புரையில், 1954இல் எடின்பரோ கோமகன் இப்பல்கலைக்கழகத்தை 'வழமையைவிட அதிகம் திறந்ததாக' அறிவித்ததை மறக்காமல் சொல்லுங்கள். மண்டபக் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லுங்கள், குளிரூட்டி ஓடுகிறது.

8. கேள்வி கேட்பவரைச் சமாளியுங்கள். என்றோ ஒருநாள் ஒரு விவசாயி பஸ் ஏறி, போத்தலில் கிணற்று நீரோடு வந்து நிற்பார். "ஐயா, இதைக் குடிக்கலாமா?" பதறாதீர்கள். புவிச்சரிதவியலார் அவரை மருத்துவ பீடத்துக்கு அனுப்பட்டும். மருத்துவர் விவசாய பீடத்துக்கு. அவர்கள் பாலத்துக்கு வழி காட்டட்டும். பின்னேரம் அவர் வெறுங்கையோடு ஊர் திரும்பியதும் ஆண்டறிக்கையில் அவரைச் சேருங்கள். குழு அமைத்த நாளிலிருந்து எல்லாப் பீடங்களையும் இணைத்த ஒரே ஆள் அவர்தான்.