ஐ.ஆர்.க்யூ. 5 ஒதுக்கக் கோரும் மனு

நாள்: 1.1.1980
(சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. கடிகாரம் சொன்ன தேதியையே எழுதியிருக்கிறேன்.)

அனுப்புநர்:
ஒரு சவுண்ட் கார்டு,
கதவு எண் ஹெக்ஸ் 220, மூன்றாவது ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்,
486 டி.எக்ஸ். கம்ப்யூட்டர்.

பெறுநர்:
உயர்திரு 8259ஏ அவர்கள்,
குறுக்கீட்டுக் கட்டுப்பாட்டு அலுவலர்,
மதர்போர்டு.

பொருள்: ஐ.ஆர்.க்யூ. ஒதுக்கீடு – 5-ஆம் எண் வேண்டுதல் – தொடர்பாக.
பார்வை: ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் உள்ள ‘செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ5 டி1’ என்ற வரி.

ஐயா,

பேசுவதற்கென்றே செய்யப்பட்ட நான் இந்தக் கம்ப்யூட்டருக்கு வந்ததிலிருந்து வாய் திறந்து பேசவில்லை. என் தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை. கம்பிதான் கிடைக்கவில்லை.

என் வேலை இன்னதென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நினைவகத்தில் கிடக்கும் ஒலித் துண்டை, பிராசஸருக்குத் தொந்தரவு இல்லாமல், டி.எம்.ஏ. 1-ஆம் தடம் என்னிடம் கொண்டுவந்து கொட்டும். அது தீர்ந்ததும் ‘அடுத்ததைத் தாருங்கள்’ என்று நான் குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் தங்களை வந்தடையும் கம்பிதான் ஐ.ஆர்.க்யூ. கம்பி கிடைக்காவிட்டால் கையில் இருக்கும் துண்டையே திரும்பத் திரும்ப ஓதிக்கொண்டிருப்பேன்; இல்லையென்றால் கம்ப்யூட்டரே உறைந்து நிற்கும். 1993-இல் வந்த ‘டூம்’ விளையாட்டில் பின்னணி இசை மட்டும் கணீரென்று கேட்கிறது. அது ஹெக்ஸ் 388 வழியாக நேரே எஃப்.எம். சிப்புக்குப் போய்விடுவதால் தங்கள் அனுமதி தேவைப்படுவதில்லை. துப்பாக்கியோ ஓசையே இல்லாமல் சுடுகிறது. வீட்டுக்காரர் கடைக்காரரைத் திட்டுகிறார். கடைக்காரர் என்னைத் திட்டுகிறார். தங்களை யாரும் திட்டுவதில்லை. தாங்கள் இருப்பதே பலருக்குத் தெரியாது.

1981-இல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது தங்களிடம் 8 கம்பிகள் இருந்தன. 1984-இல் ஏ.டி. மாடல் வந்தபோது தங்களுக்குத் துணையாக இன்னொரு 8259ஏ நியமிக்கப்பட்டு, மேலும் 8 கம்பிகள் சேர்ந்தன. துணை அலுவலர் தங்களோடு பேசுவதற்கே 2-ஆம் கம்பி செலவாகிவிட்டதால் மிஞ்சியவை 15. கடிகாரத்துக்கு 0, கீபோர்டுக்கு 1, ஃப்ளாப்பிக்கு 6, ஹார்டு டிஸ்க்குக்கு 14 என்று தந்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர்கள் உழைக்கிறார்கள்.

5-ஆம் கம்பி யாருடையது? இரண்டாவது பிரிண்டர் போர்ட்டுடையது. இந்த வீட்டில் முதல் பிரிண்டரே கிடையாது. அந்த முதல் பிரிண்டருக்கு 7-ஆம் கம்பி ஒதுக்கியிருக்கிறீர்கள். டாஸ் அதைத் தொடுவதே இல்லை. ‘தயாரா, தயாரா’ என்று பிரிண்டரை நேரில் கேட்டே காரியத்தை முடித்துக்கொள்கிறது. 13-ஆம் கம்பி கணிதக் கோபிராசஸருக்கு. அவர் 486 டி.எக்ஸ். வந்ததிலிருந்து பிராசஸருக்குள்ளேயே குடிபோய்விட்டார். பழைய இருக்கையில் போட்ட துண்டை மட்டும் எடுக்கவில்லை. ‘அந்தக் கம்பி ஸ்லாட்டுகளுக்கே வருவதில்லை, உமக்கென்ன?’ என்று பதில் வரும் என்பதும் தெரியும். 4-ஆம் எண்ணோ காம் 1, காம் 3 என்ற இரண்டு சீரியல் போர்ட்டுகளுக்கும் கூட்டுப் பட்டா. ஒன்றில் இருக்கும் மோடம் நம்பர் போடத் தொடங்கினால் மற்றதில் இருக்கும் மவுஸ் நின்ற இடத்தில் நின்றுவிடுகிறது.

பெயர்ச் சிக்கலும் உண்டு. 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. விளையாட்டு எழுதுவோர் அதையே நம்பி எழுதினார்கள். நான் வேறு நிறுவனத்துப் பிள்ளை. ஆனாலும் ‘நான் சவுண்ட் பிளாஸ்டர்தான்’ என்று சத்தியம் செய்தால்தான் பிழைப்பு. சொந்தப் பெயரில் போனால் எந்த விளையாட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எல்லாவற்றையும்விட வேதனை, எந்தக் கம்பியில் யார் இருக்கிறார் என்ற பதிவேடு தங்கள் அலுவலகத்தில் இல்லாததுதான். குரல் வந்த கம்பியின் எண் தங்களுக்குத் தெரியும். கொடுத்தவர் யாரென்று தெரியாது. எனவே குமாஸ்தா வேலை வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. அவர் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக மூடியைக் கழற்றி, அரிசி அளவு ஜம்பரை விரலால் பிடுங்கி வேறு முள்ளில் மாட்டுகிறார். பிறகு அதே எண்ணை ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் எழுதுகிறார். பிறகு ஒவ்வொரு விளையாட்டின் செட்டப்பிலும் எழுதுகிறார். மூன்றில் ஒன்று பிசகினாலும் மௌனம்தான். காரணம் கேட்டால் அதற்கும் மௌனம்தான்.

சீர்திருத்தம் வந்துவிட்டதே என்பீர்கள். 1993-இல் ஐ.எஸ்.ஏ.வுக்குப் பிளக் அண்ட் பிளே விதிகள் வந்தன. 1995-இல் விண்டோஸ் 95 அவற்றை வீடுவீடாகக் கொண்டுபோனது. அந்த விதிப்படி பிறந்த என் தம்பிக்கு ஜம்பரே கிடையாது. ஜம்பர் வைத்த பழைய கார்டுகள் இடத்தைவிட்டு அசையாது என்பதால் எப்போதும் அவனே எழுந்து வழிவிட வேண்டும். விண்டோஸ் அவனை 10-இல் உட்கார வைத்தது; டாஸ் விளையாட்டு 5-இல் தேடிவிட்டு, சவுண்ட் கார்டு இல்லை என்று எழுதிக்கொடுத்தது. முன்பு தவறு வீட்டுக்காரருடையது என்றாவது தெரிந்தது. இப்போது விண்டோஸ் காட்டும் மஞ்சள் ஆச்சரியக்குறி மட்டுமே தெரிகிறது.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

1. இல்லாத இரண்டாம் பிரிண்டரிடமிருந்து 5-ஆம் கம்பியை மீட்டு என் பெயருக்கு மாற்ற வேண்டும்.
2. யார் எங்கே இருக்கிறார் என்று வீட்டுக்காரர் மூடியைக் கழற்றாமல் அறிய ஒரு பதிவேடு திறக்க வேண்டும்.
3. பி.சி.ஐ. ஸ்லாட்டுக்காரர்கள் ஒரே கம்பியைச் சண்டையின்றிப் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த ஏற்பாட்டை எங்களுக்குச் செய்யாததற்கு ஒரு காரணமாவது எழுத்தில் தர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சவுண்ட் கார்டு

நகல்:
1. 8237, டி.எம்.ஏ. அலுவலர் – 1-ஆம் தடத்தை வேறு யாருக்கும் தந்துவிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன்.
2. பி.சி. ஸ்பீக்கர் – மனு முடிவாகும் வரை ‘பீப்’ என்று கூடுதல் பொறுப்பு வகிக்க.