மணிமங்கலம் கேட்கிறது: மைக்குக்குப் பின்னால்

மணிமங்கலம் வட்டாரத்து வாசகர்கள் இந்த முறை ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள்: வானொலி, தொலைக்காட்சி அறிவிப்பாளர்கள். ஷிப்ட் முடிந்து வந்து எழுதிய கேள்விகள் என்றாலும் ஒன்றில்கூடக் களைப்பு தெரியவில்லை.

நல்ல அறிவிப்பாளருக்கு முதல் தகுதி இனிமையான குரல்தானே?
*வாசகி, மணிமங்கலம்*

இல்லை. தென்கச்சி கோ. சுவாமிநாதனை நினைத்துப் பாருங்கள். வேளாண்மை படித்தவர், திருநெல்வேலி வானொலியில் விவசாயிகளுக்கான நிகழ்ச்சி செய்தவர். பிறகு சென்னை வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ என்று தினமும் சில நிமிடங்கள் பேசினார். ஒரு கருத்து, ஒரு குட்டிக்கதை, முடிவில் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். குரலில் மெருகு கிடையாது, பேச்சில் ஊர் வாடை உண்டு. ஆனாலும் தமிழ்நாட்டின் காலை நேரம் அவருக்காகக் காத்திருந்தது. குரலை நம்பி ஒரு வாரம் கேட்பார்கள். சொல்ல விஷயம் இருந்தால்தான் ஆண்டுக்கணக்கில் கேட்பார்கள்.

‘பெப்சி உங்கள் சாய்ஸ்’ உமாவை இன்னும் ஏன் மறக்க முடியவில்லை?
*வாசகர், படப்பை*

அந்த நிகழ்ச்சியில் பாட்டு கேட்டு போனில் அழைத்தவர்தான் நாயகர். அதை உமா ஒருநாளும் மறக்கவில்லை. பாட்டு கேட்க லைன் கிடைத்த சந்தோஷத்தில் எதிர்முனையில் திக்குவார்கள், குடும்பத்தில் எல்லார் பெயரையும் சொல்வார்கள். அவர் சிரித்தபடி காத்திருப்பார். காத்திருக்கத் தெரிவதும் அறிவிப்பாளரின் திறமைதான்.

என் அப்பா இன்னும் இலங்கை வானொலி புராணம் பாடுகிறார். சென்னையிலேயே நிலையம் இருந்தபோது கொழும்பை ஏன் கேட்டார்கள்?
*வாசகர், ஒரகடம்*

உங்கள் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கும் என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஏறக்குறைய மறைந்தன. கேட்கும் ஆசை மறையுமா? ஜனங்கள் முள்ளைத் திருப்பி ரேடியோ சிலோனில் வைத்தார்கள். அங்கே இந்தியில் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’, தமிழில் எஸ்.பி. மயில்வாகனன். 1957 அக்டோபர் 3-இல் டெல்லி ‘விவித் பாரதி’யைத் தொடங்கி, விட்டதைப் பிடிக்கப் பார்த்தது. அதற்குள் தமிழ்நாட்டு வீடுகளில் கொழும்பு அறிவிப்பாளர்கள் உறவுக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

அந்த வரிசையில் வந்தவர்கள்தாம் ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோர். ராஜாவின் வேகம் கேட்பவரை நிமிர்ந்து உட்காரவைக்கும். ஹமீத் அதற்கு நேர்மாறு: ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்கு உரிய இடத்தைக் கொடுப்பார். வானொலியில் வளர்ந்த ‘பாட்டுக்குப் பாட்டு’ போட்டி 1990-களில் அவரோடு சன் டிவிக்கும் வந்தது. அதில் தோற்றவர்களும் மரியாதையோடு மேடையிலிருந்து இறங்கினார்கள். தன் அனுபவங்களை ‘வானலைகளில் ஒரு வழிப்போக்கன்’ என்று புத்தகமாகவும் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு வாங்கிக் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவோம். நான் தமிழ் அறிவிப்பாளர் ஆக முடியுமா?
*வாசகி, சோமங்கலம்*

தாராளமாக. டெல்லி வானொலியில் தமிழ்ச் செய்தி என்றாலே நினைவுக்கு வரும் சரோஜ் நாராயணஸ்வாமி மும்பையில் வளர்ந்தவர். தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்துகொண்டே, செய்தித் தமிழ் எப்படி ஒலிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுக்குக் காட்டினார். 2022 ஆகஸ்டில் மும்பையில் காலமானார். அவரை நேரில் பார்த்தே இராத ஆயிரக்கணக்கான வீடுகள் அன்று வருந்தின.

தினமும் ஒரு தலையங்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். போனில் பதிவு செய்து ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். வீட்டில் தமிழே பேசுகிறவர்களுக்கும் இந்தப் பயிற்சி தேவைதான்.

நேரலையில் தப்பாகச் சொல்லிவிட்டால்?
*வாசகர், கரசங்கால்*

‘மன்னிக்கவும்’ என்று ஒரு சொல், அடுத்து சரியான சொல், அடுத்து மேற்கொண்டு செய்தி. தப்பை மறைத்தால் நம்பிக்கை போகும். மன்னிப்பை நீட்டினால் நேரம் போகும்.

பெரிய துயரச் செய்தியை வாசிக்கும்போது அறிவிப்பாளர் அழலாமா?
*வாசகர், ஸ்ரீபெரும்புதூர்*

இந்தக் கேள்வி உங்கள் ஊரிலிருந்து வருவதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி அங்கே கொல்லப்பட்டார். அவரோடு உயிரிழந்தவர்களும் இருந்தார்கள். உலகத்து வானொலிகள் எல்லாம் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரை உச்சரிக்கக் கற்றுக்கொண்டன. அப்படிப்பட்ட நேரத்தில் வதந்தி ஒரு பக்கம் ஓடும், பயம் ஒரு பக்கம் பரவும். கேட்பவர் தேடுவது உறுதியான தகவலை. யாருக்கு என்ன ஆயிற்று, எப்போது, எங்கே, எது உறுதியானது, எது இன்னும் உறுதியாகவில்லை என்று தடுமாறாமல் சொல்ல ஒருவர் வேண்டும். அறிவிப்பாளரும் மனிதர்தான், தொண்டை அடைக்கலாம், அது குற்றமில்லை. ஆனால் அழுகிற உரிமையை முதலில் கேட்பவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இரவு ஷிப்டுக்கு கம்பெனி பஸ்ஸில் போகும்போது எஃப்.எம். கேட்பேன். ஆர்.ஜே. என்னிடமே பேசுவது போல இருக்கிறதே, எப்படி?
*வாசகி, வல்லம்*

உங்களிடம்தான் பேசுகிறார். ‘நேயர்களே’ என்று ஊரைக் கூட்டாமல் ஒரே ஒருவரை மனதில் வைத்துப் பேசுவது வானொலியின் அடிப்படைப் பாடம். இரவில் கேட்பவர் பெரும்பாலும் தனியாக இருப்பார், அல்லது வேலையில் இருப்பார். நல்ல ஆர்.ஜே.க்கு அது தெரியும். அதனால் குரலைத் தாழ்த்துவார், பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே இடைவெளி விடுவார்.

எங்கள் மணிமங்கலத்தைப் பற்றி நிகழ்ச்சி செய்தால் எதில் தொடங்குவீர்கள்?
*வாசகர், மணிமங்கலம்*

போரில். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்று உங்கள் ஊர் என்று கூரம் செப்பேடு சொல்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளும் மணிமங்கலத்தில் இருக்கின்றன. யானை மேல் இருந்தபடி ராஜாதிராஜன் உயிர்விட்ட கொப்பம் போர், தம்பி இரண்டாம் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியாக உங்கள் ஊர்க் கல்லில் பதிந்திருக்கிறது. அங்கிருந்து நேராக இன்றைக்கு வருவேன்: கார் தொழிற்சாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகள், ஏரி, வாடகை அறைகளில் பல மாநிலத்து மொழிகள். கூகுளில் முதலில் வரும் பத்தியைப் படித்துவிட்டு மைக் முன்னால் உட்காரக் கூடாது. ஊர்க்காரரிடம் பேசுவதற்கு முன்னால் ஊரைப் படித்திருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இனி அறிவிப்பாளர் எதற்கு?
*வாசகர், இருங்காட்டுக்கோட்டை*

2024 மே மாதம் டிடி கிசான் சேனல் ‘கிரிஷ்’, ‘பூமி’ என்ற இரண்டு செயற்கை அறிவிப்பாளர்களைத் திரைக்குக் கொண்டுவந்தது. பல மொழிகளில் பேசுவார்கள், தூங்க மாட்டார்கள், தொண்டை கட்டாது. எழுதிக் கொடுத்ததைப் படிப்பது மட்டுமே வேலை என்றால் அந்த வேலை இயந்திரத்துக்குப் போகும். எதிரே இருப்பவர் சொன்ன பதிலைக் கேட்டு, அதிலிருந்து அடுத்த கேள்வியை எடுக்கிறவருக்கு வேலை இருக்கும். மைக்கைப் பிடித்தவர் காதையும் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான்.

ஐ.டி.ஐ. முடித்து கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சிவகார்த்திகேயன் போல டிவியில் தொகுப்பாளராகி சினிமாவுக்குப் போக ஆசை. என்ன செய்யலாம்?
*வாசகர், மணிமங்கலம்*

தம்பி, சிவகார்த்திகேயன் ‘கலக்கப்போவது யாரு’ மேடையில் ஜெயித்து, விஜய் டிவியில் தொகுப்பாளராகப் பல நிகழ்ச்சிகள் செய்து, 2012-இல் ‘மெரினா’வுக்குப் போனார். நடுவில் இருந்த அந்த ஆண்டுகளில்தான் தொழில் கற்றார். அவற்றைத் தாண்டிக் குதிக்க வழியில்லை.

உங்கள் வேலையை இப்போது விடாதீர்கள். இந்தத் துறையில் ஆரம்ப வருமானம் நிலையில்லாதது. பலர் கல்யாண வரவேற்பு, கம்பெனி விழா என்று மேடையில் தொகுத்துப் பேசித்தான் மாதத்தை ஓட்டுகிறார்கள். ஆகாசவாணி நிலையங்கள் பகுதிநேர அறிவிப்பாளர்களுக்கு அவ்வப்போது அறிவிப்பு வெளியிடும், குரல் தேர்வு வைக்கும். கவனித்துக்கொண்டே இருங்கள். சமுதாய வானொலிகளையும் அணுகுங்கள். நாட்டுக்கே முன்னோடியாக 2004-இல் கிண்டியில் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. இன்றிரவு உங்கள் ஊரைப் பற்றி மூன்று நிமிடம் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். அம்மாவிடம் போட்டுக் காட்டுங்கள். நடுவில் அவர் எழுந்து அடுப்படிக்குப் போனால் கோபப்படாதீர்கள். எந்த வாக்கியத்தில் எழுந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அதை மாற்றிப் பேசுங்கள்.