ஹாலில் ஒரு சம்பந்தி

மிக்ஸி ஓடாவிட்டால் சட்னி இல்லை. மோட்டார் ஓடாவிட்டால் குளியல் இல்லை. ஃபிரிட்ஜ் ஓடாவிட்டால் இட்லி மாவு பொங்கிப் பாத்திரத்தை விட்டு இறங்கிவிடும். வீட்டில் ஒரு சர்வர் ஓடாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. காபி வேளைக்கு வரும், சீரியல் வேளைக்கு ஓடும். அது ஓடவில்லையே என்று கவலைப்படுகிற ஜீவன் வீட்டில் ஒன்றுதான் இருக்கும். அந்த ஜீவனைத்தான் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்று போட்டிருக்கிறார்கள்.

கம்பெனிகள் கழித்துக் கட்டிய சர்வர்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலைக்கு வரும். இரண்டு பிராசசர், இரண்டு பவர் சப்ளை, ராம் செருகப் பதினெட்டு ஸ்லாட். என்னிடம் இல்லாத அத்தனையும் அதற்கு இரட்டையாக இருந்தது. பார்த்ததும் மயங்கிவிட்டேன்.

“இனிமே நம்ம போட்டோ எல்லாம் நம்ம வீட்டு சர்வர்லதான்” என்று மனைவியிடம் அறிவித்தேன்.

“இப்போ எங்கங்க இருக்கு?”

“எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டர்ல.”

“அங்க நல்லாத்தானே இருக்கு?”

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை. பதில் இருந்தால்தானே.

ரேக் கணக்கில் ஒரு ‘யூ’ என்பது 1.75 அங்குல உயரம். நான் வாங்கியது இரண்டு யூ. “மூணரை அங்குலம்தாம்மா, எங்கே வேணாலும் வெச்சுக்கலாம்” என்று போனில் சொல்லியிருந்தேன். அகலம் 19 அங்குல ரேக்குக்கு வெட்டியது என்பதையும், நீளம் இரண்டடிக்கு மேல் என்பதையும், தூக்க இரண்டு பேர் வேண்டும் என்பதையும் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன். ஆட்டோவில் என் மடிமேல் குலுங்கிக் குலுங்கி வந்தது. வீட்டில் ரேக் என்று இருந்தது செருப்பு ரேக் ஒன்றுதான். அதன்மேல் ஏற்றினோம். பவர் பட்டனை அழுத்தினேன். அசையவில்லை.

மாமனார் மின்வாரியத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். “மாப்பிள்ளை, மெஷினைத் திட்றதுக்கு முன்னாடி செவுத்துல கரண்ட் வருதான்னு பாருங்க” என்றார். நியாயமான பேச்சு. மல்டிமீட்டர் 230 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டியது. அடுத்து கார்டு, அதாவது கரண்ட் வரும் வயர். சர்வரின் கார்டும் எங்கள் ரைஸ் குக்கரின் கார்டும் ஒரே மூன்று துளை ஜாதி. சர்வர் கார்டைக் குக்கரில் செருகினோம். சாதம் வெந்தது. கார்டு நிரபராதி என்று தீர்ப்பாகி, அன்றைய சாப்பாடும் முடிந்தது. சர்வரால் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் பலன் அதுதான்.

பவர் சப்ளைகளையும் ஒன்று மாற்றி ஒன்றாகச் செருகிப் பார்த்தோம். பின்பக்கம் இரண்டிலும் பச்சை விளக்கு. ஆரஞ்சு நிறப் பிடி இருந்தால் மெஷின் ஓடும்போதே உருவலாம், நீலப் பிடி இருந்தால் நிறுத்திவிட்டுத்தான் தொடவேண்டும் என்பது பல கம்பெனிகளில் வழக்கம். எங்கள் மெஷின் ஓடவே இல்லை என்பதால் எல்லா நிறமும் எனக்குச் சமத்துவமாகவே பட்டது.

இந்த இடத்தில் சர்வரின் குணத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். கார்டைச் செருகியதுமே உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும். பிஎம்சி என்பார்கள். பெரிய கம்ப்யூட்டர் தூங்கினாலும் இது தூங்காது. ஃபேன், சூடு, வோல்ட்டேஜ், எது செருகியிருக்கிறது, எது செருகவில்லை என்று சதா கணக்கெடுத்துக்கொண்டே இருக்கும். இது முழுசாக எழுந்திருக்கவே ஒன்றிரண்டு நிமிஷம் ஆகலாம், அதுவரை பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் மெஷின் மசியாது. கணக்கில் ஏதாவது குறைந்தாலும் அப்படித்தான். கல்யாண மண்டபத்தில் சம்பந்தி உட்கார்ந்திருப்பாரே, அதே தோரணை. முழித்துக்கொண்டுதான் இருப்பார், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். ஆனால் எந்தத் தட்டில் எது குறைகிறது என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். எழுந்தும் வரமாட்டார்.

குறையை பிஎம்சி தன் பதிவேட்டில் எழுதிவைத்திருக்கும். படிக்க பாஸ்வேர்ட் வேண்டும். அது எங்கேயோ ஒரு கம்பெனியில், எந்த சர்வரைக் கழித்துக் கட்டினோம் என்றே மறந்துபோன யாரோ ஒருவருடைய மனதில் இருக்கிறது. எனக்குக் கிடைத்ததெல்லாம் முன்பக்கத்தில் மினுக்கிய ஒரு காவி விளக்கு. கோபம் என்று மட்டும் புரிந்தது. காரணம் புரியவில்லை.

அடுத்த வைத்தியம், தேங்கிய மின்சாரத்தை வடியவிடுவது. கார்டுகளை உருவிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடிக்கவேண்டும். கெப்பாசிட்டர்களில் மிச்சம் இருக்கும் மின்சாரம் இறங்கிப்போகும், குழம்பிப்போன பிஎம்சியும் புதிதாக எழுந்திருக்கும். செத்த மெஷினின் பட்டனைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கியபடி நான் நிற்பதை அம்மா பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சந்தனம் குங்குமம் எடுத்துவந்தாள். “காத்து போற ஓட்டையை விட்டுட்டு வைம்மா” என்றேன். அன்று முழுவதும் நான் தந்த தொழில்நுட்ப ஆலோசனைகளில் பிசகில்லாதது அதுதான்.

கடைசி வைத்தியத்துக்கு மூடியைத் திறக்கவேண்டும். அவசியமான சாமான்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் உருவிவிடுவது. ஒரு பிராசசர், முதல் ஸ்லாட்டில் ஒரு ராம், ஒரு பவர் சப்ளை. இதில் எழுந்தால், ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது. எதைச் சேர்த்ததும் மறுபடி படுக்கிறதோ அதுதான் குற்றவாளி. உடம்பில் தேங்கிய ஸ்டாட்டிக் மின்சாரம் ராமைக் கொன்றுவிடும் என்பதால், எதைத் தொடுவதற்கு முன்பும் கேபினெட்டின் தகரத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். ஊஞ்சல் பலகை நிறைய ராம். “எடுத்தது எது எங்கேயிருந்துன்னு ஞாபகம் இருக்கா?” என்றாள் மனைவி. மகள் ஏற்கெனவே போனில் படமெடுத்து வைத்திருந்தாள். அந்தப் படம், எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது.

உருவிக்கொண்டே வந்ததில் ரைசர் கார்டு கையில் பட்டது. சர்வர் தட்டையாக இருப்பதால் மற்ற கார்டுகளை நெட்டுக்குத்தலாகச் செருக இடமில்லை. படுக்கைவாட்டில் செருகத் தோதாக, மதர்போர்டிலிருந்து எழுந்து நிற்கும் துண்டுப் பலகை அது. ஒரு முனை சரியாக உட்கார்ந்திருந்தது. மறுமுனையில் தங்கப் பற்கள் ஒரு நூல் அளவுக்கு வெளியே தெரிந்தன. ஆட்டோவின் குலுக்கல். சில மாடல்களில் ரைசர் சரியாக உட்காராவிட்டால் மெஷினை எழவே விடாத பூட்டு ஒன்று உண்டு. சம்பந்திக்குக் குறைந்த தட்டு அதுதான். கட்டைவிரலால் அமுக்கினேன். ‘டக்’ என்றது. மூடியைப் போட்டேன், பவர் கார்டைச் செருகினேன், பிஎம்சிக்கு உரிய நேரம் கொடுத்தேன், பட்டனைத் தொட்டேன்.

எழுந்துவிட்டார். எழும்போது சர்வர் எல்லா ஃபேன்களையும் முழு வேகத்தில் சுற்றவிடும். கீழ் வீட்டு மாமா வெளியே வந்து, “தண்ணி நிரம்பிடுச்சுன்னு நினைக்கிறேன், மோட்டாரை நிறுத்துங்கோ” என்று குரல் கொடுத்தார். மின்விசிறிக்குக் கீழே இருந்த தினசரி பறந்தது எதனால் என்று மாமனாரும் நானும் கொஞ்ச நேரம் விவாதித்தோம். ராமை எல்லாம் எண்ணி முடித்துவிட்டு சர்வர் திரையில் ஒரு வரி எழுதியது. பூட் செய்ய டிஸ்க் இல்லையாம். கடையில் கொடுத்த டிஸ்க் பெட்டிகள் அத்தனையும் காலி என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

மாமனார் அதற்குள் மின்வாரிய மூளையை முடுக்கிவிட்டிருந்தார். “சும்மா இருக்கும்போதே 200 வாட்னு வைங்க மாப்பிள்ளை. ஒரு நாளைக்கு 4.8 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 288. நூறு யூனிட் இலவசம்கறாங்களே, அதை இது ஒண்ணே மூணு வாரத்துல தின்னுடும்.” மனைவி என்னைப் பார்த்தாள். நான் சர்வரைப் பார்த்தேன். ஆன் செய்ய நான் பாடுபட்டதைவிட வேகமாக அது ஆஃப் ஆனது.

இப்போது அது நல்ல நிலையில் இருக்கிறது. ஆன் ஆகும் என்பது எனக்கும் தெரியும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அதன் இரண்டு பவர் கார்டில் ஒன்று குக்கரிலும், இன்னொன்று என் மனைவியின் பீரோவிலும் இருக்கின்றன. ஆன் ஆகாத சர்வருக்கு என்னிடம் ஏகப்பட்ட வைத்தியம் கைவசம் உண்டு. பீரோ சாவிக்குத்தான் ஒன்றும் கைவரவில்லை.