எத்தனை இலை விழும்?

கல்யாணச் சமையல் பேசப் போனால் சமையல்காரர் பெண் யார், மாப்பிள்ளை யார் என்று கேட்கமாட்டார். "எத்தனை இலை விழும்?" அவ்வளவுதான். ஐந்நூறு என்று சொல்லிவிட்டால் போதும். அரிசி எத்தனை மூட்டை, வாழைக்காய் எத்தனை தார், அப்பளம் எத்தனை கட்டு என்று எல்லாம் அவர் வாயிலிருந்தே வந்துவிடும்.

1983-ல் பெர்க்லியிலிருந்து வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸும் இந்தப் பரம்பரைதான். இயங்குதளத்தின் மையமான கெர்னலை அடுப்பில் ஏற்றுவதற்கு முன் ஒரு கோப்பில் 'மேக்ஸ்யூசர்ஸ்' என்று எழுதி, பக்கத்தில் ஓர் எண் போட வேண்டும். 32 என்று போட்டால் அதை 8-ஆல் பெருக்கி 20-ஐக் கூட்டி, 276 புராசஸ்களுக்கு அட்டவணையில் இடம் ஒதுக்கிவிடும். திறந்த கோப்புகளுக்கு எத்தனை இடம், ஐநோடுகளுக்கு எத்தனை என்பதும் அந்த ஒற்றை எண்ணிலிருந்தே கிளம்பும். பெயரைப் பார்த்துவிட்டு, முப்பத்துமூன்றாவது ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. திருப்பி அனுப்பாது. உட்கார வைக்கும். ரொம்ப மிஞ்சிப்போனால் அட்டவணை நிரம்பிவிட்டது என்று கன்சோலில் கத்தும். கல்யாண வீட்டிலும் கத்துகிறார்கள்தானே.

அதற்கு முன்பு கதை இன்னும் சுருக்கம். 1979-ல் பெல் ஆய்வகத்தின் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில், வட்டு, டேப் இவற்றின் இரண்டெழுத்துப் பெயர்களை ஒரு நிரலிடம் ஒப்பித்தால் அது இரண்டு கோப்புகளை எழுதிக் கையில் கொடுக்கும். பிறகு 4.1 பிஎஸ்டியில் மெல்பர்னைச் சேர்ந்த ராபர்ட் எல்ஸ் ஒரு திருத்தம் செய்தார். இயந்திரம் எழுந்திருக்கும்போது எந்தெந்தச் சாதனம் உண்மையிலேயே இருக்கிறது என்று தானே தட்டிப் பார்த்துக்கொள்ளும். அதற்காக நம்மைக் கேட்பதை விட்டதா என்றால் இல்லை. 'நீ பட்டியல் கொடு, சரியா என்று நான் போய்ப் பார்க்கிறேன்' என்றது. மகன் கொண்டுவந்த மளிகையை மறுபடி எடைபோடும் அப்பா மாதிரி.

மேக்ஸ்யூசர்ஸ் எழுதிய அந்தக் கோப்பில் நேர மண்டலமும் எழுத வேண்டும். கிரீன்விச்சுக்கு மேற்கே எத்தனை மணி என்பது கணக்கு. கலிஃபோர்னியாவுக்கு 8. எழுதியவர்கள் உட்கார்ந்திருந்த ஊர் பெர்க்லி, ஆகவே மேற்குதான் கூட்டல். கிழக்கே பிறந்த பாவத்துக்கு நாம் கழித்தல் குறி போட்டு 5.5 என்று எழுத வேண்டும். புள்ளி வைத்த எண்ணுக்கும் இலக்கணத்தில் இடம் விட்டிருந்தார்கள், அந்த மட்டும் புண்ணியம். கோடையில் கடிகாரத்தைத் திருப்பிவைக்கும் வழக்கத்துக்குத் தனி எண்கள்: அமெரிக்காவுக்கு 1, ஆஸ்திரேலியாவுக்கு 2, ஐரோப்பாவை மேற்கு, நடு, கிழக்கு என்று வெட்டி 3, 4, 5. கெர்னலுக்குத் தெரிந்த உலகம் அத்துடன் முடிந்தது.

இப்போது 1989-க்கு வருவோம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஸ்பார்க்ஸ்டேஷன் 1 என்ற இயந்திரத்தை விட்டது. பீட்சா டப்பா என்று செல்லப்பெயர்; உருவமும் அதேதான். 20 மெகாஹெர்ட்ஸ் வேகம். 8 எம்பி நினைவகத்தோடு வாங்கியவர்கள் நிறைய. கூடவே வரும் சன்ஓஎஸ் கெர்னலுக்கு 'ஜெனரிக்' என்று பெயர். உங்களிடம் இருக்கும் சாதனம், இல்லாத சாதனம், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கலாமா என்று யோசிக்கும் சாதனம் எல்லாவற்றுக்கும் அதில் டிரைவர் உண்டு. மற்ற நிரல்களை நெருக்கடியில் வட்டுக்கு அனுப்பிவைக்கலாம். கெர்னலை அனுப்ப முடியாது. ஒருமுறை நினைவகத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், பொங்கலுக்கு வந்து ஆடிவரை தங்கும் மாமனார் மாதிரி. ஆகவே அவரை இளைக்க வைப்பது ஒவ்வொரு கணினி நிர்வாகியின் கடமையாயிற்று.

இளைக்க வைக்கும் முறை எளிது. ஜெனரிக் கோப்பை நகலெடுத்து, இயந்திரத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் அதற்குச் சூட்டி, வேண்டாத வரிகளுக்கு முன்னால் ஒரு வேலிக்குறி (#) போட வேண்டும். சில நூறு கிலோபைட் மிஞ்சும். அதைக் காட்டி ஒரு வாரம் பீற்றிக்கொள்ளலாம். சிக்கல் வட்டு வரிகளில்தான் ஆரம்பிக்கும். ஸ்கஸி கம்பியில் ஒவ்வொரு வட்டுக்கும் 0 முதல் ஓர் எண் உண்டு. எண் 0 உள்ள வட்டைத்தான் கெர்னல் எஸ்டி0 என்று கூப்பிடும் என்று நீங்களும் நானும் நினைப்போம். சன் அப்படி நினைக்கவில்லை. எண் 3 உள்ளவன் எஸ்டி0. எண் 0 உள்ளவன் எஸ்டி3. 1-ம் 2-ம் மட்டும் ஒழுங்காக அவரவர் இடத்தில். மூன்றாவது பையனைக் காட்டி 'இவன்தான் எங்கள் மூத்தவன்' என்று அறிமுகப்படுத்தும் குடும்பம் அது. கெர்னல் கோப்பிலும் அப்படியே எழுதிவைத்திருப்பார்கள். அழகாக இருக்கட்டுமே என்று வரிசைப்படுத்தி எழுதினால், இயந்திரம் கண்விழித்து வட்டைத் தேடும், கிடைக்காது, மயங்கி விழும்.

மயங்கினால் எழுப்ப வழி வைத்திருந்தார்கள். பழைய கெர்னலை 'விஎம்யூனிக்ஸ்.ஓல்டு' என்று பெயர் மாற்றிவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். தகராறு வந்தால் எல்1 விசையோடு ஏ-யை அழுத்தி நிறுத்தி, பழையவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்களில் நானும் ஒருவன். முதல் புதுக் கெர்னல் ஓடவில்லை. பழையதில் ஏறி, அவசரமாகத் திருத்தி, மறுபடி சமைத்து, விதிப்படி இருப்பதற்குப் பழையது என்று பெயர் மாற்றி, புதியதை வைத்தேன். அதுவும் ஓடவில்லை. சரி, பழையவரைக் கூப்பிடுவோம் என்று பார்த்தால், 'பழையது' என்ற பெயரில் படுத்திருந்தது என் முதல் தோல்வி. அசல் பெரியவரை நானே அழித்துவிட்டிருந்தேன். அன்று ராத்திரி டேப்பிலிருந்து நிறுவியபடி இரண்டு ஃபிளாஸ்க் டீ குடித்தேன்.

இதற்கிடையில் 1991-ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் ஒரு 386 கணினியில் சொந்தமாக லினக்ஸ் என்ற கெர்னலை எழுதிவிட்டார். 0.01 பதிப்பின் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும், கண்கொள்ளாக் காட்சி. அதிலுள்ள பெரிய கேள்வி ஒன்றே: வட்டு லினஸுடையதா, லாசுவுடையதா? லாசு என்பது அவருடைய நண்பர் லார்ஸ் விர்ஸேனியஸ். லினஸ் என்றால் நினைவகம் 8 எம்பி, லாசு என்றால் 4. வட்டின் தலைகள், தடங்கள் உட்பட இரண்டு பேருடைய ஜாதகமும் கோப்பிலேயே எழுதியிருக்கும். இரண்டு பேரும் இல்லையென்றால், வட்டு யாருடையது என்று சொல் எனக் கம்பைலர் பிழைகாட்டி நின்றுவிடும். விசைப்பலகை ஃபின்னிஷ் மட்டும். இதுவரை எழுதப்பட்ட கெர்னல் அமைப்புக் கோப்புகளில் இதுதான் நேர்மையானது என்பேன். இரண்டு இலை, இரண்டு பேர், பெயர் தெரியும்.

பிறகு உலகமே பந்திக்கு வந்துவிட்டது. 'மேக் கான்ஃபிக்' என்று தட்டினால் நூற்றுக்கணக்கில் கேள்விகள், ஒவ்வொன்றாக. இந்த அட்டை உண்டா? அந்த அட்டை உண்டா? அறுபதாவது கேள்வியில் கை தவறி 'என்' அடித்துவிட்டால் திரும்பிப் போக வழி கிடையாது, நிறுத்திவிட்டு முதலிலிருந்து. உதவிக்குறிப்பு என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் அதன் கடைசி வரி: சந்தேகமாக இருந்தால் 'என்' சொல்லவும். சந்தேகம் இல்லாதவன் எதற்கு உதவிக்குறிப்பைப் படிக்கிறான்? ஒய், என் தவிர 'எம்' என்று மூன்றாவது பதிலும் உண்டு: கெர்னலுக்குள் வேண்டாம், தனித் துண்டாக வட்டில் இருக்கட்டும், தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். சிக்கனம் என்று நினைத்து வட்டைப் படிக்கும் கோப்பு முறைமைக்கே எம் போட்டவர்கள் ஏராளம். வட்டைப் படிக்க அந்தத் துண்டு வேண்டும், அந்தத் துண்டு வட்டில் இருக்கிறது. பெட்டிச் சாவியைப் பத்திரமாகப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை.

இந்தக் கொடுமையைத் தீர்க்க எரிக் ரேமண்ட் என்ற நிரலாளர் கிளம்பினார். பைதானில் சிஎம்எல்2 என்று ஒரு புதிய அமைப்பு முறையே எழுதினார். 2002 ஜனவரியில், டில்லி அத்தைகூடக் கெர்னல் கம்பைல் செய்ய முடிய வேண்டும், இயந்திரத்தில் என்ன இருக்கிறதென்று இயந்திரமே பார்த்துச் சொல்லட்டும் என்று வாதாடினார். தலைநகருக்கும் இந்த அத்தைக்கும் சம்பந்தமில்லை. ஒன்றும் அறியாத பயனருக்கு அவர் வைத்த கற்பனைப் பெயர். கெர்னல்காரர்கள் கேட்டது நியாயமான கேள்வி: அத்தைக்கு எதற்கய்யா கெர்னல்? கம்பைல் செய்து வந்ததைப் போட்டுக்கொள்ளட்டுமே. பைதான் வேண்டியிருந்ததும் பலருக்கு உறுத்தியது. அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் ரோமன் ஸிப்பல் எழுதிய கேகான்ஃபிக் என்ற அமைப்பு முறை லினக்ஸ் 2.5.45 பதிப்பில் நுழைந்தது. சிஎம்எல்2 வெளியே நின்றது. யார் கெர்னல் அது என்று அத்தையிடம் கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

பழைய பீட்சா டப்பாக்கள் என்ன ஆயின? லினக்ஸ் 2012-ல் 3.5 பதிப்பில் அந்த வகை ஸ்பார்க்குக்கு விடைகொடுத்தது. அடுத்த ஆண்டு 3.8-ல் 386-க்கும் அதே கதி, தான் பிறந்த வீட்டையே இடித்துவிட்டது. பெர்க்லி பரம்பரையில் வந்த நெட்பிஎஸ்டி மட்டும் இன்னும் பெயரை அடிக்காமல் வைத்திருக்கிறது. ஜெனரிக் கோப்பில் எஸ்எஸ்1, எஸ்எஸ்2, ஐபிசி, ஐபிஎக்ஸ் என்று வரிசையாக எழுதி 'முதலியன' என்று முடித்திருப்பார்கள், கல்யாணப் பத்திரிகையில் இஷ்டமித்திர பந்துக்கள் போல.

ஆனால் வயது யாரை விட்டது. அந்த டப்பாவுக்குள் கடிகாரச் சில்லு ஒன்று, அதன் வயிற்றிலேயே பேட்டரி. பேட்டரி தீர்ந்ததும் இயந்திரம் தன் ஈதர்நெட் முகவரியையும் அடையாள எண்ணையும் மறந்துவிடும். கைப்பழக்கம் உள்ளவர்கள் சில்லின் மேலோட்டை அராவி, நாணய பேட்டரியை வெளியே பற்றவைத்துவிடுவார்கள். அதன் பின் முகவரியை மறுபடி ஊட்ட வேண்டும். எத்தனை பேர் வருவார்கள், என்ன வட்டு, எந்த ஊர் நேரம் என்று நம்மைக் குடைந்தெடுத்த பெரியவர் கடைசியில் 'நான் யாரப்பா?' என்று கேட்கிறார். சன் முகவரிகள் 8, 0, 20 என்று தொடங்கும். மிச்சத்துக்குப் பழுதுபார்ப்புக் குறிப்பு ஒன்றில் யாரோ குறும்பாக சி0, எஃப்எஃப், ஈஈ என்று உதாரணம் கொடுத்தார்; சுழியை ஓ என்று படித்தால் காபி. பார்த்தவர்கள் உதாரணத்தையே அப்படியே தட்டிவிட்டார்கள். அப்படிப்பட்ட இரண்டு பெரியவர்களை ஒரே வலையில் மாட்டினால், யாராவது 'காபி' என்று கூப்பிட்டதும் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.