புறவாசல் சலாபம்: கொற்கை வேப்பம்பூ குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கொற்கையைப் பற்றி எழுதிய அறிஞர்கள் அனைவரும் கிழக்கே பார்த்தே எழுதியிருக்கிறார்கள். கடல் அந்தப் பக்கம் இருந்ததால் அதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. பெரிப்ளூஸை எழுதிவைத்த பெயர் தெரியாத கிரேக்க வணிகர் முத்தைப் பார்த்தார். தாலமி துறைமுகத்தைப் பார்த்தார். கால்டுவெல் ஐயர் மண்ணைத் தோண்டி, கொற்கையிலும் காயலிலும் கண்டதை 1877இல் 'இந்தியன் ஆன்டிக்குவரி' இதழில் எழுதினார். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69இல் அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு கி.மு. 785 என்று காலம் சொன்னது. இத்தனை பேர் கவனித்த ஊரில், ஒருவராவது வீட்டைச் சுற்றிக்கொண்டு புறவாசலுக்குப் போய்ப் பார்த்ததாக எந்த நூலிலும் குறிப்பு இல்லை. புறவாசலில் வேப்பமரம் நிற்கிறது.

இன்று கடல் ஊரைவிட்டு 6, 7 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் துறை தூர்ந்தது. வணிகம் பழையகாயலுக்கும் புன்னைக்காயலுக்கும் பெயர்ந்து, கடைசியில் தூத்துக்குடியில் போய் நின்றது. தூத்துக்குடிக் கடலிலும் 1961க்குப் பிறகு சலாபம் என்னும் முத்துக் குளிப்பு நடக்கவில்லை. இவற்றை வைத்துக் கொற்கை முத்தின் கதை முடிந்தது என்று வரலாற்றாசிரியர்கள் ஏட்டை மூடிவிட்டார்கள். அந்த முடிவு அவசரப்பட்டது என்பதே இவ்வாய்வின் கருதுகோள். சலாபம் நிற்கவில்லை. கடலிலிருந்து கிளம்பிப் புறவாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

2. பருவச் சான்று

முத்துக் குளிப்பு நினைத்த மாதத்தில் நடப்பதன்று. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தென்மேற்குக் காற்று கிளம்புவதற்கு முன்னால், கடல் அடங்கித் தெளிந்து கிடக்கும் இடைவெளி ஒன்று உண்டு. பெரும்பாலான சலாபங்கள் மாசிக்கும் சித்திரைக்கும் இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில்தான் நடந்தன. வேம்பு பூப்பதும் அதே வாரங்களில். இதைத் தற்செயல் என்று சொல்பவர்கள் ஆய்வு மனப்பான்மை இல்லாதவர்கள்.

பருவம் தொடங்கிவிட்டதை அறியும் கருவி வாரியல். மாசியில் மரம் இலை கொட்டத் தொடங்குகிறது. காலையில் பெருக்கிய முற்றம் காப்பி குடித்து எழுவதற்குள் பழையபடி ஆகிறது. வாரியல் பாதியாகத் தேய்ந்ததும் செம்பு நிறத்தில் கொழுந்து வரும்; அதன் பின்னாலேயே மொட்டு. ஒரு பூங்கொத்தில் 150 முதல் 250 பூக்கள். விரியாத மொட்டு வெள்ளையாக, உருண்டையாக, கடுகைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். அதைப் பார்த்தும் முத்து நினைவுக்கு வரவில்லை என்றால் கண் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. விரிந்தால் ஐந்து இதழ். பொழுது சாய்ந்ததும் மணம் தார்சாவரை வரும்.

அரசியல் சான்றும் உண்டு. பாண்டியர் சூடியது வேப்பம்பூ, சோழர் ஆத்தி, சேரர் பனம்பூ என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கொற்கைப் புறவாசலில் வேம்பு நடுவில் நிற்கிறது. வேலியோரம் பனை நிற்கிறது. அதாவது சேரன் இன்றும் வாசலுக்கு வெளியே காத்திருக்கிறான். ஆத்தியைக் காணோம். சோழன் திறை அனுப்பத் தவறிய ஆண்டு எது என்பது தனி ஆய்வுக்குரியது.

3. தொழிலாளர்

பெரிப்ளூஸ் ஒரு முக்கியமான செய்தியைத் தருகிறது: பாண்டிய நாட்டில் கொற்கை முத்துக் குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகளை ஈடுபடுத்தினார்கள். ஈராயிரம் ஆண்டுகளாக இந்த நடைமுறையில் மாற்றமில்லை. வேப்பம்பூ பொறுக்குவோரும் தண்டனை பெற்றவர்களே. முழுஆண்டுத் தேர்வு நெருங்கும்போது படிக்காமல் வாய்க்காலில் குதிக்கப் போனவன், தம்பியின் பென்சிலை ஒடித்தவள் ஆகியோருக்கு ஆச்சி வழங்கும் தீர்ப்பு, மரத்தடியில் உட்கார்ந்து பூவிலிருந்து காம்பும் இலையும் பொறுக்குவது. மேல்முறையீடு கிடையாது.

பழைய வேட்டியை நான்காக மடிக்காமல் முழுசாக விரித்து, காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைப்பார்கள். குளியாளியைக் கடலடிக்கு இறக்கியதும் கல்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். வேட்டி விரித்தபின் மரத்தடியில் கடல் சட்டம் அமலுக்கு வருகிறது. "ஏல, பூவ மிதிச்சிராத, அந்தப் பக்கமாச் சுத்திப் போ" என்ற ஆணை, மாமா மச்சான், வந்த விருந்தாளி, தபால்காரர் என்ற வேறுபாடின்றி எல்லாருக்கும் பொருந்தும்.

4. பங்குரிமை

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயலுக்கு வந்த மார்க்கோ போலோ, முத்துப் பங்கீட்டை விவரமாகச் சொல்கிறார். அரசனுக்குப் பத்தில் ஒன்று. சுறாமீன் கடிக்காமல் மந்திரம் போட்டு அதன் வாயைக் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒன்று. புறவாசல் பங்கீடும் ஏறத்தாழ இப்படித்தான்.

பத்தில் ஒன்றைப் பிள்ளையார் எறும்பு எடுத்துக்கொள்கிறது. வேட்டி விரித்த சற்று நேரத்தில் வரிசை கட்டிவிடும். கடிக்காது, பெயரில் சாமி இருப்பதால் யாரும் நசுக்கவும் மாட்டார்கள். வரி வாங்குபவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு அமையாது. மேலே கொம்புத்தேனீ தன் பங்கை மரத்திலேயே வசூலித்துவிடுவதால் அதன் கணக்கு நமக்குக் கிடைக்கவில்லை.

அணிலுக்குப் பூவில் அவ்வளவு நாட்டமில்லை. அதற்கு வேண்டியது கூடு கட்ட நூல். விரித்த வேட்டியின் கரையை உருவிக்கொண்டு ஓடுகிறது. சரக்கை விட்டுவிட்டுக் கப்பலின் பாயைத் திருடும் இப்படிப்பட்ட கொள்ளையரைப் பெரிப்ளூஸ் பதிவு செய்யவில்லை. தென்னாட்டு அணிலுக்கு முதுகில் 3 கோடு, வடநாட்டு அணிலுக்கு 5 கோடு என்பது விலங்கியல் உண்மை. சேதுவுக்கு மணல் சுமந்த அணிலை இராமர் தடவிக்கொடுத்த கதையை இதனோடு சேர்த்துப் பார்த்தால், தெற்கே மூன்று விரலாலும் வடக்கே ஐந்து விரலாலும் தடவியிருக்கிறார் என்றாகிறது. பாலம் கட்டும் அவசரத்தில் இரண்டு விரல் மிச்சம் பிடித்திருக்கலாம்.

தவிட்டுக்குருவிகள் ஆறேழு சேர்ந்தே வரும். ஒன்று கொப்பில் இருந்து காவல் பார்க்க, மற்றவை சருகைப் புரட்டிப் பூச்சி தேடும். தேடும் வேகத்தில் பொறுக்கிவைத்த பூவும் சருகும் மறுபடி ஒன்றாகிவிடும். கைதிகளின் தண்டனைக் காலம் நீள்வதற்கு முதன்மைக் காரணம் இவையே.

இருபதில் ஒரு பங்கு வாங்கும் மந்திரக்காரர் யார்? நாற்காலியில் கம்போடு உட்கார்ந்திருக்கும் ஆச்சி. அவள் வாயிலிருந்து வரும் 'சூ' என்ற ஓரெழுத்து மந்திரத்துக்குக் கோழி, பூனை, பேரன் மூவரும் கட்டுப்படுகின்றனர். போலோ கண்ட மந்திரக்காரர்கள் பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம், இரவில் திருட்டுத்தனமாக எவரும் முத்தெடுக்க இறங்கிவிடக் கூடாதென்று. ஆச்சியும் எட்டரை மணிக்குத் தூங்கிவிடுவாள். அதன்பின் புறவாசல் எலிக்கும் மரநாய்க்கும் சொந்தம்.

5. துறைமுகத்து அயலார்

துறைமுகம் என்றால் வெளியார் வந்துபோவார்கள். இங்கும் வருகிறார்கள்.

குயில்: பங்குனி தொடங்கியதும் விடியுமுன்பே ஆண்குயில் கத்தத் தொடங்கிவிடும். கவிஞர்கள் இதை இசை என்கிறார்கள். பரீட்சைக்கு நாலரை மணிக்கு எழும் பிள்ளைகள் அலாரம் என்கிறார்கள். கரிய ஆண்குயில் காகத்தைச் சீண்டித் துரத்தவைக்கும். அந்த நேரத்தில் புள்ளி போட்ட பெண்குயில் காகக்கூட்டில் முட்டையிட்டுவிடும். பிறர் கிடங்கில் சரக்கை இறக்கிவிட்டுச் சுங்கமும் வாடகையும் கட்டாமல் போகிற வணிகம் இது. காகம் இன்றுவரை புகார் கொடுக்கவில்லை.

தேன்சிட்டு: சிலந்தி வலை, நார், மரப்பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம் ஆகியவற்றால் தொங்கும் கூடு கட்டும். பார்ப்பதற்குக் குப்பை தொங்குவதுபோல் இருப்பதே அதன் பாதுகாப்பு. அதைத் துணி காயப்போடும் கொடியில் கட்டிவிட்டால், குஞ்சு பறக்கும்வரை அந்தக் கொடி வீட்டாருக்கு இல்லை. ஈரத்துணி தார்சாவில் காயும். துறைமுக முற்றுகை என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதிலிருந்தே கற்கின்றனர்.

ஓணான்: இந்தப் பருவத்தில் ஆண் ஓணானின் தலையும் தோளும் சிவந்துவிடும். மதில்மேல் ஏறித் தண்டால் எடுக்கும். நோக்கம் பெண் ஓணானும் எதிரி ஓணானும் பார்க்க வேண்டும் என்பது. ஆனால் பார்க்கும் சிறுவர்கள், தொப்புள் வழியாக அது இரத்தம் குடிக்கும் என்று நம்பிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். சட்டை போடாமல் திரியும் கைதிகளை ஒழுங்குபடுத்துவதில் ஓணானின் பங்கு குறிப்பிடத்தக்கது.

கோழி: ஊரில் இடைவிடாமல் அகழாய்வு நடத்தும் ஒரே அமைப்பு. அனுமதி கேட்பதில்லை, நிதியும் வேண்டுவதில்லை. கண்டெடுத்ததை அங்கேயே விழுங்கிவிடுவதால் அறிக்கை எழுதும் வேலையும் இல்லை. ஆதிச்சநல்லூரில் 2004-05இல் நடந்த அகழாய்வின் அறிக்கைக்காகப் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்த இந்த வட்டாரத்து மக்கள் கோழியைக் குறைசொல்வதில்லை.

6. தரப்பிரிப்பு

எடுத்த முத்தை அளவுவாரியாகப் பிரிக்க 10 பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். முதல் சல்லடையில் 20 துளை, கடைசிச் சல்லடையில் 1000 துளை. ஆச்சியிடம் இருப்பது ஒரு மாவுச் சல்லடையும் ஒரு சொளவும். புடைத்ததில் மூன்று தரம் கிடைக்கிறது. முழுப்பூ முதல் தரம்: காயவைத்து டப்பாவில் போட்டால் அடுத்த பங்குனிவரை வரும். காம்போடு கிடப்பது இரண்டாம் தரம்: சென்னையில் இருக்கும் மருமகளுக்கு. தூள் மூன்றாம் தரம்: கோழிக்கு. முதல் தரத்தில் ஒரு பிடி சித்திரை விசுவுக்கென்று தனியே எடுத்துவைக்கப்படும். மாங்காயும் கருப்பட்டியும் சேர்த்த பச்சடியாகி, புத்தாண்டின் முதல் கசப்பாக இலையில் விழும்.

7. மறுப்புரைகள்

மறுப்பு ஒன்று: கொற்கையில் ஈராயிரம் ஆண்டு வயதென்று ஊரார் சொல்லும் வன்னிமரம் இருக்கையில், வேம்புக்கு இவ்வளவு மரியாதை ஏன்? விடை: வன்னியை மதிக்கிறோம். வெளியூரிலிருந்து வருவோர் அதன்முன் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் வன்னிப்பூவில் ரசம் வைக்க முடியாது.

மறுப்பு இரண்டு: ஏரலிலும் உமரிக்காட்டிலும் வேம்பு இதே பங்குனியில்தானே பூக்கிறது? விடை: பூக்கலாம். சங்கப் பாட்டில் இடம்பெற்ற துறைமுகம் அங்கே இருந்ததா என்று திருப்பிக் கேட்டால் பேச்சு அத்துடன் நின்றுவிடும்.

மறுப்பு மூன்று, உரிமை பற்றியது. வேப்பெண்ணெயால் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1994இல் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கும் அமெரிக்க வேளாண் துறைக்கும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் உரிமை வழங்கியது. இந்தியாவில் காலங்காலமாக அறிந்ததுதானே என்ற எதிர்ப்பின்பேரில் 2000இல் அது இரத்தானது. மேல்முறையீடும் 2005இல் தோற்றது. ஐரோப்பா தீர்த்துவைத்த அளவுக்கு உள்ளூர் தீர்த்துவைக்கவில்லை. மதிலைத் தாண்டிய கிளை அடுத்த வீட்டில் உதிர்த்த பூ யாருக்கு என்ற வழக்கு, ஆச்சிக்கும் பக்கத்து வீட்டுப் பெரியம்மைக்கும் இடையே நிலுவையில் இருக்கிறது. ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்துக்கு இருவரும் ஒரே வேனில் சாஸ்தா கோயிலுக்குப் போய், ஒரே வேனில் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள்.

8. முடிவும் பரிந்துரைகளும்

துறைமுகத்தை ஆறு தூர்த்தது. முத்தெடுப்பதை 1961க்குப் பிறகு கடல் நிறுத்திக்கொண்டது. அதே பருவத்தில், அதே ஊரில், அதே பங்கீட்டு முறையில், தண்டனை பெற்றவர்களைக் கொண்டே நடக்கிற ஒரு குளிப்பை எந்த வரலாற்று நூலும் கணக்கில் எடுக்கவில்லை. நடத்துகிறவள் ஆச்சி, நடக்கும் இடம் புறவாசல் என்பதைத் தவிர வேறு காரணம் இவ்வாய்வுக்குத் தென்படவில்லை.

ஆகவே பரிந்துரைகள் மூன்று. பங்குனி, சித்திரையில் வேப்பமரத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. பங்குதாரர்கள் பலர் இருக்கிறார்கள். தரையெல்லாம் சிமெண்டு போடுகிறவர்கள் மரத்தடியில் நாலு முழமாவது மண்ணாக விட வேண்டும். கோழியும் தவிட்டுக்குருவியும் வேறெங்கே போகும்? மூன்றாவது சமையலறைக்கானது: வேப்பம்பூவை நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, ரசத்தை இறக்கிய பிறகு மேலே போட வேண்டும். போட்டபின் கொதிக்கவிட்டால் கசப்பு ஏறிவிடும்.