எலி கடித்த டாங்கி, தண்ணீர் கேட்ட தீவு
வாசகர் கேள்வி-பதில்: இரண்டாம் உலகப் போர்ச் சிறப்புப் பகுதி

கே: இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனை எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள் ஐயா. (கோவில்பட்டி)

ப: ஒரு மாதத்தைச் சொல்கிறேனே. 1942 நவம்பர். நாலாம் தேதி எகிப்தின் எல் அலமைனிலிருந்து ஜெர்மன் தளபதி ரோமல் பின்வாங்கினார். எட்டாம் தேதி மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் கரையிறங்கின. மாத நடுவில் குவாடல்கனால் தீவுக்கருகே ஜப்பானியரின் துருப்புக் கப்பல்கள் மூழ்கின. பத்தொன்பதாம் தேதி ஸ்டாலின்கிராடைச் சுற்றி வளைக்க சோவியத் படை புறப்பட்டது. அக்டோபர்வரை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாதிருந்த போர், டிசம்பரில் சாய்ந்துவிட்டது. இல்லை, ஒன்றுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஸ்டாலின்கிராட்.

கே: ரஷ்யாவில் ஹிட்லரைத் தோற்கடித்தது பனிதானே? (திருப்பூர்)

ப: பனி இரு தரப்புக்கும் ஒரே மாதிரிதான் பெய்தது. பள்ளிக்கூடப் பாடம் முதல் டீக்கடைப் பேச்சு வரை பனிக்கே மாலை விழுவது எனக்குப் பொறுப்பதில்லை. சண்டை போட்டுச் செத்த சோவியத் வீரனின் கணக்கில் சேர வேண்டியதைப் பனியின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

பனிக்கு முன்பே ஜெர்மானியரை இழுத்துப் பிடித்தது ரயில் பாதை. ரஷ்யத் தண்டவாளம் ஐரோப்பியத் தண்டவாளத்தைவிட சுமார் 9 சென்டிமீட்டர் அகலம், நாலைந்து விரற்கடை. ஜெர்மன் ரயில் ஓட வேண்டுமானால், பிடித்த பாதையையெல்லாம் பிரித்து நெருக்கிப் போட வேண்டும். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் நிலையங்களும் அங்கே தூரம் தூரமாக இருந்தன. 1941 டிசம்பரில் மாஸ்கோ வாசலில் நின்ற ஜெர்மன் வீரனுக்குக் கம்பளிக் கோட்டு வரவில்லை. குண்டுக்கும் பெட்ரோலுக்குமே ரயில் போதாதபோது கோட்டுக்கு எங்கே இடம்? உலகமே அஞ்சிய அந்தப் படை ஆறு லட்சத்துக்கும் அதிகமான குதிரைகளோடு கிளம்பிய படை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குதிரைக்கும் தீனி வேண்டும்.

கே: மாஸ்கோவைக் காப்பாற்ற சைபீரியாவிலிருந்து படை வந்ததாமே? அந்தப் பக்கம் ஜப்பான் புகுந்துவிடாதா? (நாகர்கோவில்)

ப: புகாது என்று ஸ்டாலினுக்குத் தகவல் இருந்தது. டோக்கியோவில் ஜெர்மன் பத்திரிகையாளராக உலவிய ரிச்சர்ட் சோர்கே சோவியத் உளவாளி. ஜப்பானின் பார்வை தெற்கே எண்ணெய், ரப்பர் பக்கம் திரும்பிவிட்டது என்று 1941 செப்டம்பரில் செய்தி அனுப்பினார். அக்டோபரில் பிடிபட்டார், 1944 நவம்பரில் தூக்கிலிட்டார்கள்.

ஜப்பான் தெற்கே திரும்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1939 ஆகஸ்டில், ஐரோப்பாவில் போர் தொடங்குவதற்கு முன்பே, மங்கோலிய எல்லையில் கால்கின் கோல் ஆற்றங்கரையில் ஜப்பானியப் படையை சோவியத் தளபதி ஷுகோவ் நொறுக்கினார். பலர் பெயர்கூடக் கேட்டிராத அந்தச் சண்டையின் அடி ஜப்பானுக்கு மறக்கவில்லை. மாஸ்கோவைக் காத்து நின்றதும் அதே ஷுகோவ்தான்.

கே: ஸ்டாலின்கிராடில் மாட்டிக்கொண்ட ஜெர்மானியர்கள் ஏன் தப்பி ஓடவில்லை? (சேலம்)

ப: ஓட அனுமதி இல்லை. சில வாரங்களில் ஓடப் பெட்ரோலும் இல்லை.

கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய கதை இது. ஜெர்மனியின் ஆறாம் படை நகரத்தைப் பிடிப்பதிலேயே கண்ணாக இருந்தது. உள்ளே சோவியத் தளபதி சூய்கோவின் 62வது படை, வோல்கா ஆற்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மாடிக்கு மாடி சண்டை போட்டது. எதிரியின் பதுங்குகுழிக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி நில் என்பது சூய்கோவின் உத்தரவு. அத்தனை பக்கத்தில் ஜெர்மன் விமானம் குண்டு போட்டால் அவர்கள் ஆளும் சேர்ந்து சாவான்.

நகரத்துக்கு வெளியே இரு பக்கமும் காவல் நின்றவர்கள் ருமேனியர்கள். கனத்த டாங்கியைத் தடுக்கிற பீரங்கி அவர்களிடம் போதிய அளவு கிடையாது. அவர்களுக்கு முட்டுக்கொடுக்கப் பின்னால் நின்றது ஜெர்மனியின் 22வது டாங்கி டிவிஷன். பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை ஓட்டாமல், டாங்கிகளைக் குழிக்குள் இறக்கி, குளிருக்கு வைக்கோல் போர்த்தி வைத்திருந்தார்கள். வைக்கோலில் எலி குடிவந்தது. மின்கம்பிகளின் உறையைக் கடித்துத் தின்றது. புறப்படு என்று உத்தரவு வந்தபோது பல டாங்கிகள் கிளம்பவே இல்லை. கிளம்பியவற்றிலும் சில பாதி வழியில் நின்றன.

நவம்பர் 19ஆம் தேதி ஒன்றும் மறுநாள் இன்னொன்றுமாக, சோவியத் படை அந்தப் பலவீனமான இரு பக்கங்களிலும் அடித்தது. 23ஆம் தேதி கலாச் அருகே இரண்டு கைகளும் கோத்துக்கொண்டன. உள்ளே இரண்டரை லட்சம் பேருக்கு மேல். விமானத்திலேயே சோறு போடுகிறேன் என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்குக் கொடுத்தார். ஒரு நாளைக்கு 500 டன் தேவை. சராசரியாக அதில் கால் பங்குகூட வந்து இறங்கவில்லை. குதிரைகளை அறுத்துத் தின்றார்கள், பிறகு அதுவும் தீர்ந்தது.

1943 ஜனவரி 30ஆம் தேதி ஆறாம் படைத் தளபதி பவுலஸை ஃபீல்டு மார்ஷலாக உயர்த்தினார் ஹிட்லர். அதுவரை எந்த ஜெர்மன் ஃபீல்டு மார்ஷலும் எதிரியிடம் சரணடைந்ததில்லை. செத்துப்போ என்பதுதான் அந்தப் பதவி உயர்வின் பொருள். பவுலஸ் சாகவில்லை. மறுநாள் ஒரு பெரிய கடைக் கட்டடத்தின் நிலவறையிலிருந்து வெளியே வந்து சரணடைந்தார். சிறைப்பட்டவர்கள் சுமார் 91,000. ஊர் திரும்பியவர்கள் 6,000 பேர் அளவில்தான். கடைசியாக வந்தவர்கள் 1955இல் வந்தார்கள். இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வையுங்கள்: அந்த ஒரு நகரத்துக்காக சோவியத் தரப்பு இழந்த வீரர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல்.

கே: டன்கர்க் வெற்றியா, தோல்வியா? (கும்பகோணம்)

ப: தோல்வி. ஆனால் 3,38,226 பேர் உயிரோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்த தோல்வி. 1940இல் பத்தே நாளில் நடந்த வேலை. பீரங்கி, லாரி எல்லாவற்றையும் பிரான்ஸ் கரையில் விட்டுவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் கோவேறு கழுதைப் படைப் பிரிவைச் சேர்ந்த இந்திய வீரர்களும் இருந்தார்கள். கழுதைகளுக்குக் கப்பலில் இடம் இல்லை.

கே: மிட்வே சண்டையில் அமெரிக்கா ஜெயித்தது அதிர்ஷ்டத்தால் என்கிறானே என் நண்பன்? (மதுரை)

ப: பாதி சரி. அந்த அதிர்ஷ்டத்தை வரவழைத்தவர்கள் ஹவாயில் ஒரு நிலவறைக்குள் இருந்தார்கள்.

ஜப்பானின் ரகசியச் செய்திகளில் தாக்கப்போகும் இடத்துக்கு ‘ஏஎஃப்’ என்று பெயர். அது மிட்வே தீவு என்று அந்த நிலவறையில் சங்கேதம் உடைத்த ரோஷ்ஃபோர்ட்டின் குழு சொன்னது; வாஷிங்டனில் பலர் நம்பவில்லை. ஒரு தூண்டில் போட்டார்கள். மிட்வேயின் குடிநீர்க் கருவி பழுதாகிவிட்டது என்று சங்கேதமில்லாமல் வானொலியில் அறிவிக்கும்படி, கடலடிக் கம்பி வழியாகத் தீவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். சீக்கிரமே ஜப்பானியச் செய்தி ஒன்று சிக்கியது: ‘ஏஎஃப்’-இல் குடிநீர்த் தட்டுப்பாடு.

பவளக் கடல் சண்டையில் அடிபட்டு வந்த அமெரிக்க விமானந்தாங்கி யார்க்டவுனைச் சரிசெய்ய மூன்று மாதம் ஆகும் என்றார்கள். பேர்ல் ஹார்பர் பட்டறைத் தொழிலாளர்கள் இரவு பகலாக வேலை பார்த்து மூன்றே நாளில் கடலுக்கு அனுப்பினார்கள். 1942 ஜூன் 4 காலை தாழப் பறந்து போன அமெரிக்க டார்பிடோ விமானங்களை ஜப்பானியர் சுட்டுத் தள்ளினார்கள். எட்டாவது டார்பிடோ அணி அனுப்பிய 15 விமானங்களில் ஒன்றும் திரும்பவில்லை. ஒரே ஒரு விமானி கடலில் மிதந்து பிழைத்தார். ஜப்பானியப் போர் விமானங்கள் கீழே அவர்களை வேட்டையாடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் மேலிருந்து குண்டுவீச்சு விமானங்கள் இறங்கின. சில நிமிடங்களில் ஜப்பானிய விமானந்தாங்கிகள் அகாகி, காகா, சோர்யு மூன்றும் பற்றி எரிந்தன. மாலையில் ஹிர்யு. அந்தப் பதினைந்து விமானங்களில் போனவர்களை அதிர்ஷ்டம் என்ற சொல்லுக்குள் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் நண்பரிடம் இதையும் சொல்லுங்கள்.

கே: எங்கள் ஊரிலும் குண்டு விழுந்ததாக அம்மம்மா சொல்வார். உலகப் போர் வரலாற்றில் அதற்கு இடம் உண்டா? (திருகோணமலை)

ப: உண்டு. மேலே சொன்ன அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் மிட்வேயில் மூழ்குவதற்கு இரண்டு மாதம் முன்பு உங்கள் கடலில்தான் இருந்தன. 1942 ஏப்ரல் 4ஆம் தேதி, இலங்கையின் கொக்கலவிலிருந்து கிளம்பிய கனடிய விமானி பெர்ச்சல் ஜப்பானியத் தளபதி நாகுமோவின் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். முழுவதும் அனுப்பி முடிப்பதற்குள் சுட்டு வீழ்த்தினார்கள். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. எச்சரிக்கை கிடைத்ததால் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் முன்பே விலகிவிட்டன. ஏப்ரல் 9 திருகோணமலை. சீனக்குடா எண்ணெய்க் குதங்களில் ஒன்றும் எரிந்தது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் கப்பல் ஹெர்மிஸ் 300க்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்டுக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது. அன்றைக்கு அதில் ஒரு விமானம்கூட இல்லை. ஏப்ரல் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையிலிருந்து மக்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறியதும் அந்த மாதம்தான்.

அம்மம்மா சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேதி புத்தகத்தில் கிடைக்கும். எந்தத் தெருவில் யார் ஓடினார்கள் என்பது கிடைக்காது.

கே: சிங்கப்பூர் பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்தே இருந்ததால்தான் நகரம் விழுந்ததா? (காரைக்குடி)

ப: இல்லை. பெரிய பீரங்கிகளில் சில தரைப்பக்கம் திரும்பின, சுடவும் செய்தன. குண்டுதான் சரியில்லை, கப்பலின் இரும்பைத் துளைக்கச் செய்த குண்டு மண்ணில் புதைந்து போகும். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி, புக்கிட் தீமா ஃபோர்டு ஆலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்தபோது அவரிடம் 80,000 பேருக்கு மேல் இருந்தார்கள். எதிரே ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் அதில் பாதிகூட இல்லை, குண்டும் தீரப்போகிற நிலை. ஆனால் நகரத்தில் தண்ணீர்க் குழாய்கள் உடைந்துபோயிருந்தன.

நகரம் விழுந்த கதையைவிட அதற்குப் பின் நடந்ததை நாம் அதிகம் பேச வேண்டும். சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு, மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். நல்ல சம்பளம் என்று சொல்லிச் சிலரை, வளைத்துப் பிடித்துப் பலரை. காலரா, மலேரியா, பட்டினி. அதே பாதையில் இறந்த வெள்ளைக்காரக் கைதிகள் சுமார் 12,000 பேர். காஞ்சனபுரிக்குப் போனால் கல்லறைகளில் பெயர் பார்க்கலாம். ஆசியத் தொழிலாளர்கள் அதைப் போலப் பல மடங்கு இறந்தார்கள். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியலே எடுக்கவில்லை.

கே: பர்மா விழுந்ததற்கும் வங்கப் பஞ்சத்துக்கும் தொடர்பு உண்டா? (புதுச்சேரி)

ப: உண்டு. 1942 மார்ச் 8இல் ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. ஜப்பானியர் கைக்குப் போய்விடுமே என்று வங்கக் கரையோரத்தில் ஆயிரக்கணக்கான படகுகளை அரசே பறித்தது, உடைத்தது. மீனும் போயிற்று, நெல் ஏற்றிப்போக வழியும் போயிற்று. புயல் வேறு, விலைவாசி வேறு, பதுக்கல் வேறு. 1943 பஞ்சத்தில் இறந்தவர்கள் இருபது முதல் முப்பது லட்சம் பேர். பர்மாவிலிருந்து நாலு லட்சம் பேருக்கு மேல் இந்தியாவுக்குத் தப்பி வந்தார்கள். மலையும் காடும் கடந்து நடந்தே வந்தவர்கள் அதில் ஏராளம். செட்டியார் கடைக் கணக்குப்பிள்ளை முதல் ரங்கூன் துறைமுகக் கூலி வரை தமிழர்களும் நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களும் உண்டு.

கே: கோஹிமாவில் டென்னிஸ் மைதானத்தில் சண்டை நடந்தது நிஜமா? (ஈரோடு)

ப: நிஜம். 1944 ஏப்ரலில், துணை ஆணையர் பாசியின் பங்களா டென்னிஸ் மைதானத்துக்கு ஒரு பக்கம் ஜப்பானியர், மறுபக்கம் பிரிட்டிஷ்-இந்தியப் படை. மட்டையால் பந்து அடிக்கிற தூரத்துக்குக் கையெறி குண்டு வீசினார்கள். இன்று அந்த இடம் போர்க் கல்லறைத் தோட்டம். மைதானத்தின் கோடுகளை அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

ஸ்டாலின்கிராடில் கோரிங் கொடுத்த வாக்கு நினைவிருக்கிறதா? அவர் செய்ய முடியாததை இங்கே செய்துகாட்டினார்கள். கோஹிமாவுக்குத் தெற்கே இம்பாலில் முற்றுகைக்குள் இருந்த பிரிட்டிஷ்-இந்தியப் படைக்கு மூன்று மாதம் விமானத்திலேயே அரிசி, ஆட்டா, குண்டு, மருந்து வந்தது. ஜப்பானியத் தளபதி முதாகுச்சியோ மூன்று வாரத்துக்கான சாப்பாட்டோடு படையை மலையேற்றினார். மாடுகளைப் பொதிசுமக்க வைத்து வழியில் அடித்துத் தின்னலாம் என்பது திட்டம். பர்மாவின் சிண்ட்வின் ஆற்றிலும் மலைச்சரிவிலும் மாடுகள் போய்விட்டன. பட்டினி கிடந்த வீரர்களைப் பார்த்துப் பொறுக்காமல் டிவிஷன் தளபதி சாட்டோ, மேலிடத்து உத்தரவை மீறிப் படையைத் திருப்பிக் கூட்டிப்போனார். ஜப்பானியப் படையில் யாரும் செய்யத் துணியாத காரியம். அந்தப் போரில் எனக்கு மிகவும் பிடித்த கீழ்ப்படியாமை அதுதான். ஜூன் 22இல் இம்பால் சாலை திறந்தது.

எதிர்ப்பக்கம் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் இருந்தது, அதில் மலாயாத் தமிழர்கள் நிறைய. இரு பக்கமும் இந்தியர்கள். இவர்களில் யார் தேசபக்தர் என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு பேரையும் நான் மதிக்கிறேன்.

கே: நார்மண்டி தரையிறக்கம்தான் ஹிட்லரை வீழ்த்தியது. சரியா? (வேலூர்)

ப: 1944 ஜூன் 6இல் தொடங்கிய நார்மண்டி மேற்கு வாசலைத் திறந்தது. அதே மாதம் 22ஆம் தேதி, பெலாருசில் சோவியத் படை தொடங்கிய தாக்குதல் ஜெர்மனியின் மத்தியப் படைத்தொகுதியையே அழித்தது. ஜூலை 17இல் மாஸ்கோ வீதிகளில் சுமார் 57,000 ஜெர்மன் கைதிகளை நடத்திக் கூட்டிப்போனார்கள். பின்னாலேயே லாரிகள் வந்து தெருவைக் கழுவின. அந்தப் போரில் சோவியத் மக்கள் இழந்த உயிர் சுமார் 2.7 கோடி. சினிமா எடுத்தவர்கள் மேற்கே இருந்தார்கள், அதனால் நமக்கு நார்மண்டி தெரியும்.

கே: ஒரே போரில் இரண்டு பக்கமும் பதக்கம் வாங்கியவர் உண்டா? (தூத்துக்குடி)

ப: ஸ்பெயின்காரர் ஹுவான் புஜோல். ஜெர்மனிக்கு உளவு சொல்வதாக நடித்து பிரிட்டனுக்கு வேலை பார்த்தவர். இல்லாத 27 உளவாளிகளை உருவாக்கி, அத்தனை பேருக்கும் ஜெர்மனியிடமே சம்பளம் வாங்கினார். நார்மண்டி வெறும் கண்கட்டு, உண்மையான படை கலேயில் இறங்கும் என்று ஜூன் 9இல் அவர் அனுப்பிய செய்தியை பெர்லின் நம்பியது. ஜெர்மனி இரும்புச் சிலுவை தந்தது, பிரிட்டன் எம்.பி.இ. விருது தந்தது.

கே: உண்மையில் போர் எப்போது முடிந்தது? (தஞ்சாவூர்)

ப: ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்டது 1945 செப்டம்பர் 2. செய்தி நம்பாமல் பிலிப்பைன்ஸ் காட்டில் இருந்த ஓனோடா என்ற அதிகாரி 1974 மார்ச்சில் வெளியே வந்தார். அவரை உலகத்துக்கே தெரியும். அதே ஆண்டு டிசம்பரில் இந்தோனேசியாவின் மொரோதாய் தீவில் இன்னொருவர் கிடைத்தார். ஜப்பானியப் பெயர் நாகாமுரா. பிறப்பால் தைவான் பழங்குடி. ஜப்பான் ஆண்ட நாட்டிலிருந்து படைக்குப் போனவர். அவருக்கு ஓய்வூதிய உரிமை கிடையாது என்றது சட்டம். மக்கள் சத்தம் போட்ட பிறகுதான் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். 1979இல் இறந்தார்.