எந்த மேலே?

பூச்சி மூளையின் எந்தப் பகுதிக்கு என்ன பெயர் என்று 2014-இல் ஒருவழியாக முடிவானது. கேய் இட்டோவும் பல நாட்டு ஆய்வாளர்களும் பழ ஈயை அடிப்படையாக வைத்து, 'நியூரான்' இதழில் பெயர்ப்பட்டியலை வெளியிட்டார்கள். அதைப் பிரிண்ட் எடுத்து ஆய்வகச் சுவரில் ஒட்டியவன் நான். கடைப்பிடிக்காதவர்களில் முதல் ஆளும் நானாகத்தான் இருப்பேன்.

உணவுக்குழாய்க்குக் கீழே இருக்கும் நரம்பு முடிச்சை எஸ்ஓஜி என்றே படித்தவன் நான். ஈக்கு அது மூளையோடு ஒட்டிப்போய்விட்டதால், அது எதுவரை என்பதில் ஆளுக்கொரு எல்லை. அதனால் வாயுறுப்புகளுக்கான முடிச்சுகளை மட்டும் பிரித்து ஜிஎன்ஜி ஆக்கிவிட்டார்கள். மாணவி ஒருத்தியின் படத்தில் எஸ்ஓஜி என்றிருந்ததைச் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தேன். அன்று மாலை என் உரையில், என் ஸ்லைடில், அதே எஸ்ஓஜி. அவள் எதுவும் சொல்லவில்லை. நோட்டில் எதையோ சுழித்ததை மட்டும் பார்த்தேன்.

பட்டியலில் எலிப்சாய்ட் பாடி என்றொரு பகுதி உண்டு. வெட்டுக்கிளி ஆராயும் நண்பர் ஒருவரிடம், "உங்க பூச்சிக்கு எலிப்சாய்ட் பாடி கிடையாதா சார்?" என்று பரிதாபப்பட்டிருக்கிறேன். "மத்திய உடலின் கீழ்ப்பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. அதைத்தான் உங்க ஈ வளையமா சுருட்டி வச்சிருக்கு" என்றார். பாவம், நல்ல மனிதர்.

மற்ற பெயர்கள்? எபாலெட், வெஸ்ட், கோர்ஜெட், சேடில், கான்டில். தையல்கடையையும் குதிரை லாயத்தையும் ஒரே மூட்டையில் கட்டியதுபோல. எபாலெட் தோள்பட்டை அணி, கோர்ஜெட் கழுத்துக் கவசம், அதுவரை சரி. கான்டில் சேணத்தின் பின்மேடு என்று தெரிந்துகொண்டபின்தான் குழப்பம் கூடியது. குதிரை ஏறியிருந்தால் உதவியிருக்குமோ என்னவோ.

ஆனால் என்னைக் கவிழ்த்தது திசைதான். வளர்ச்சியின்போது ஈயின் மூளை கிட்டத்தட்ட செங்கோணத்தில் வளைந்துவிடுகிறது. காளான் உடல் என்ற மூளைப்பகுதியின் காலிக்ஸ், உடல் அச்சின்படி ஈயின் தலையில் பின்பக்கம் இருக்கிறது. நரம்பு அச்சின்படி பார்த்தால் அதே இடம் முதுகுப்பக்கம், அதாவது மேலே. எந்த அச்சு என்று எழுதிவிட்டால் சிக்கலில்லை. நான் ஒரே படத்தின் இடதுபாதியை உடல் அச்சிலும் வலதுபாதியை நரம்பு அச்சிலும் குறித்து அனுப்பிவைத்தேன். மதிப்புரையாளர் கேட்டதெல்லாம், "இது ஒரே ஈயா?"

நேற்று சேமித்த கோப்பின் பெயர்: 'காலிக்ஸ்_மேலே_புதுசு_கடைசி_2'. எந்த அச்சில் மேலே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.